டிசம்பரில் நியூரம்பெர்க்: நான்கு நாள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

நியூரம்பெர்க்கின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் சந்தை கிறிஸ்துமஸ் அன்று இருக்காது. டிசம்பர் 24 பகல் 2 மணியோடு சந்தை முடிந்துவிடும், மாலைக்குள் ஊரும் அடங்கிவிடும். ஜெர்மானியர்களுக்கு அது வீட்டுக்குள் குடும்பத்தோடு கழிக்கும் இரவு. இது தெரியாமல் 24 முதல் 28 வரை அறை எடுத்தால், பூட்டிய மரக்கடைகளைத்தான் சுற்றிவர வேண்டியிருக்கும். அதனால் விமானச் சீட்டைத் தேடும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்டது திருவருகைக் காலம்; அதன் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சந்தை தொடங்கும். அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் என்பதால், தொடக்க நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2026-ல் அது நவம்பர் 27. தினமும் காலை 10 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும். தொடக்க நாளில் மாலை 5.30 மணிக்கு விளக்குகளை அணைத்துவிட்டு, பொன்னிற முடியும் கிரீடமும் அணிந்த, 'கிறிஸ்ட்கிண்ட்' என்னும் தேவதை வேடத்துப் பெண் ஃபிரவுயன் தேவாலயத்தின் முகப்பு மாடத்தில் நின்று வரவேற்புக் கவிதை சொல்வார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நகரத்து இளம்பெண் ஒருவரை இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்கத் தகுந்ததுதான், ஆனால் நல்ல இடம் பிடிக்க மணிக்கணக்கில் குளிரில் நிற்க வேண்டும். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் இதை விட்டுவிடுவதே நல்லது.

எங்கள் பரிந்துரை டிசம்பர் இரண்டாம் வாரம், திங்கள் முதல் வியாழன் வரை. ஒரு பருவத்தில் சுமார் 20 லட்சம் பேர் வந்துபோகும் சந்தை இது. சனிக்கிழமை மதியத்திலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவியும். கடைகளுக்கு இடையிலான சந்துகள் குறுகலானவை. கூட்டம் தள்ளும் திசையில்தான் நகர முடியுமே தவிர, நின்று பொருளைப் பார்த்து வாங்க முடியாது.

போய்ச் சேருவது

ஷெங்கன் விசா தேவைப்படுவோர் பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். கிறிஸ்துமஸ் பருவத்தில் நேர்காணல் தேதி கிடைப்பது கடினம், எனவே செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

தொலைதூர விமானங்கள் பெரும்பாலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலோ மியூனிக்கிலோ இறங்கும். வரைபடத்தில் மியூனிக்தான் பக்கம். ஆனால் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குள்ளேயே அதிவேக ஐசிஇ ரயில் வருகிறது, மாறாமல் சுமார் இரண்டரை மணி நேரத்தில் நியூரம்பெர்க் வந்துவிடலாம். மியூனிக்கில் இறங்கினால் முதலில் புறநகர் ரயிலில் நகருக்குள் 40 நிமிடங்களுக்கு மேல் போய், பிறகு ஐசிஇ பிடிக்க வேண்டும், அதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டிகளோடு போகிறவர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டே மேல். ரயில் இணையதளத்தில் ஊர்ப் பெயர் ஜெர்மன் முறையில் 'நூர்ன்பெர்க்' என்றுதான் இருக்கும்.

ரயில் சீட்டில் ஒரு சிக்கல் உண்டு. மலிவான 'ஷ்பார்பிரைஸ்' சீட்டு குறிப்பிட்ட ஒரே ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். ரயில் தாமதத்தால் இணைப்பு ரயில் தவறினால் விதிவிலக்கு உண்டு, விமானம் தாமதமானால் கிடையாது. எனவே வரும் வழிக்கு எந்த ரயிலிலும் ஏறக்கூடிய 'ஃபிளெக்ஸ்பிரைஸ்' எடுங்கள், அல்லது தரையிறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். திரும்பும் வழிக்கு ஷ்பார்பிரைஸ் போதும். நியூரம்பெர்க்கிலேயே இறங்குபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. யு2 மெட்ரோவில் ஏறினால் 12 நிமிடங்களில் மத்திய ரயில் நிலையம். அது ஓட்டுநர் இல்லாத ரயில், குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

மத்திய நிலையத்திலிருந்து சந்தை நடக்கும் ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்துக்கு நடந்து 15 நிமிடம். பழைய நகர மதிலுக்குள் அறை கிடைத்தால் எடுக்கலாம், விலை எகிறியிருக்கும். கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரான ஃபியூர்த்தில் தங்குங்கள். யு1 மெட்ரோவில் கால் மணி நேரம்தான், சந்தைக்கு அருகே லோரென்ஸ்கிர்ஹே நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835-ல் ஓடியது இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான். சனிக்கிழமை வாங்கும் நகர நாள்சீட்டு ஞாயிறும் செல்லும்.

பகல் எட்டு மணி நேரம்தான்

டிசம்பர் நடுவில் சூரியன் காலை 8 மணிக்கு எழும், மாலை 4.15-க்கு மறையும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பத்து மணிக்கு எழுந்து, மதியம் சந்தைக்குப் போய், மூன்றரை மணிக்குக் கைசர்பர்க் கோட்டைக்கு ஏறினால், அங்கே குளிர்கால நேரப்படி 4 மணிக்கு மூடிவிடுவார்கள். சந்தையோ இருட்டினால்தான் அழகு. வரிசையை மாற்றிப் போடுங்கள்.

காலை 10 மணிக்குக் கோட்டை. சரிவான கற்பாதை, உறைபனி இருந்தால் வழுக்கும். பாறையைக் குடைந்து சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய கிணறு அங்கே உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஓவியர் டூரரின் இல்லம் வழியாகக் கீழே இறங்கினால், பகல் 12 மணிக்குச் சரியாக ஃபிரவுயன் தேவாலயத்தின் முன் நிற்கலாம். அங்குள்ள கடிகாரத்தில் ஏழு இளவரசர்கள் பேரரசர் நான்காம் கார்லைச் சுற்றிவருவார்கள். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஏழு இளவரசர்களுக்கு வரையறுத்த 1356-ன் பொன் ஆணையை நினைவுகூர 1509 வாக்கில் அமைத்த பொம்மை இயந்திரம் அது. பிறகு அருங்காட்சியகம். ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் 1492-ல் செய்த பெஹைம் பூகோள உருண்டை இருக்கிறது. இன்று எஞ்சியிருப்பவற்றில் உலகின் பழமையான பூகோளம் அதுதான், அதில் அமெரிக்கா கிடையாது. திங்களன்று அருங்காட்சியகம் விடுமுறை. நாஜித் தலைவர்களை 1945-46-ல் விசாரித்த 600-ஆம் எண் நீதிமன்ற அறைக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள். அது யு1 பேரென்ஷான்ஸே நிறுத்தத்தில், செவ்வாயன்று விடுமுறை. மாலை 4.30-க்குச் சந்தைக்குள் நுழைந்தால் அலுவலகக் கூட்டம் வருமுன் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

பார்த்து வியக்கும் பழைய நகரத்தின் பெரும்பகுதி மறுபடி கட்டியது. 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் ஊர் தரைமட்டமானது.

சந்தைக்குள்

ரொக்கம் வேண்டும். அட்டை வாங்காத கடைகள் இன்னும் உண்டு. 5, 10 யூரோ நோட்டுகளும் கழிப்பறைக்குச் சில்லறை நாணயங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

க்ளூவைன் என்பது பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கிய ஒயின். இந்த ஊரில் அவுரிநெல்லி ஒயினில் செய்வது விசேஷம். குறைந்தது 7 சதவீதம் ஆல்கஹால் இருக்கும், இனிப்பு அதை மறைத்துவிடும். 'மிட் ஷுஸ்' என்றால் மேலே ரம் ஊற்றித் தருவார்கள். வெறும் வயிற்றில் இரண்டு கோப்பை குடித்துவிட்டுக் குளிரே தெரியவில்லை என்று கோட்டைக் கழற்றாதீர்கள். தோலுக்கு ரத்தம் பாய்வதால் வரும் பொய்ச் சூடு அது, உடம்பு இன்னும் வேகமாக வெப்பத்தை இழக்கும். ஆல்கஹால் வேண்டாதவர்கள் 'கிண்டர்புன்ஷ்' என்று கேளுங்கள். பீங்கான் கோப்பைக்குச் சில யூரோ முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், அதற்குப் பெயர் 'ப்ஃபாண்ட்'. விலையைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம். கோப்பையை அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும். கொடுக்காமல் எடுத்துக்கொண்டால் அதுவே நினைவுப்பொருள்.

விரல் நீளமே உள்ள நியூரம்பெர்க் சாசேஜ் 7 முதல் 9 சென்டிமீட்டர், 20 முதல் 25 கிராம். மூன்றை ஒரு பன்னில் வைத்துத் தருவதை 'டிரை இம் வெக்லா' என்று கேட்க வேண்டும். பன்றி இறைச்சி. சைவர்களுக்கு ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடை, வறுத்த பாதாம், சுட்ட செஸ்ட்நட் உண்டு. அடை பொரிப்பது எண்ணெயிலா கொழுப்பிலா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கத் தகுந்தது லெப்கூகன் என்னும் மசாலா கேக். அதில் 'எலிசென்' என்று அச்சிட்ட வகையையே எடுங்கள். குறைந்தது 25 சதவீதம் பாதாம், ஹேசல்நட் அல்லது வால்நட், அதிகபட்சம் 10 சதவீதம் மாவு என்பது அதன் விதி. மற்ற வகைகளில் மாவு கூடும், சீக்கிரம் காயும். முட்டை உண்டு. கெட்டியாகிவிட்டால் டப்பாவில் ஓர் ஆப்பிள் துண்டைப் போட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியில் கோத்துச் செய்யும் 'ஸ்வெட்ஷ்கென்' பொம்மை இந்தச் சந்தையின் அடையாளங்களில் ஒன்று, ஆனால் அது தின்பதற்கல்ல. பனி உருண்டைக் கண்ணாடியை வாங்கினால் பெரிய பெட்டியில் வையுங்கள். உள்ளே இருப்பது திரவம் என்பதால் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகலாம்.

உடை விஷயத்தில் பாதம்தான் முதலில் தோற்கும். கல்தரை உள்ளங்காலின் சூட்டை உறிஞ்சும். தடித்த அடிப்பாகமுள்ள, அரை அளவு பெரிய காலணியும் ஒரே ஒரு கம்பளிக் காலுறையும் போதும். இறுக்கமாக இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். கைபேசியைக் கோட்டின் உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்.

ஒரு நாள் பாம்பெர்க்

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாம்பெர்க், யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். பவேரியா மாநிலத்துக்கான நாள்சீட்டான 'பயர்ன் டிக்கெட்' எடுத்தால் ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும், ஐசிஇ ரயிலில் செல்லாது. சீட்டில் பயணிகளின் பெயரை எழுதாவிட்டால் பரிசோதகர் அபராதம் போடுவார்.

பாம்பெர்க்கின் கிறிஸ்து பிறப்புக் குடில்கள் ஜனவரி 6 வரை இருக்கும். அதனால் வேறு வழியில்லாமல் 25, 26 தேதிகளில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதுவே சிறந்த இடம். அந்த இரண்டு நாட்களும் பொது விடுமுறை. பல்பொருள் அங்காடிகள் 24 பகல் 2 மணிக்கே மூடிவிடும், ரொட்டி, பால், பழம் எல்லாவற்றையும் அன்று காலையிலேயே வாங்கி அறையில் வைத்துவிடுங்கள். 24 இரவு உணவுக்கு விடுதியிலேயே நவம்பரில் சொல்லி வையுங்கள். மறந்துபோனால் மத்திய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.