தேளுக்குத் தீனி: எவ்வளவு போடணும், எப்போது சும்மா விடணும்

தேள் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சாப்பிடவே மாட்டேங்குது, என்ன பண்றது?" நாயும் பூனையும் வளர்த்த கையோடு தேளையும் வளர்க்க வந்தால் இப்படித்தான் இருக்கும், தினம் ஒரு பூச்சியைப் போடுவார்கள், அது மரப்பட்டைக்கு அடியில் கிடந்து எட்டிக்கூடப் பார்க்காது, இவர்களுக்குத் தூக்கம் போய்விடும். வளர்ந்த தேளுக்கு வாரத்துக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு பூச்சி போதும், பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டாலும் ஒன்றும் ஆகாது. மிகச் சிக்கனமான உடம்பு அதற்கு, மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும். தண்ணீர் விஷயத்தில் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது, அதனால் ஆழமில்லாத ஒரு தட்டில் நாலு கூழாங்கல் போட்டுத் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

நான் சொல்வது எம்பரர் தேளை வைத்து. கானா, டோகோ பக்கத்து மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளைச் சேர்ந்தது, 20 செ.மீ. வரை வளரும், நம்மூர் நட்டுவாக்காலியின் குடும்பம்தான். ஆசியக் காட்டுத் தேள் வைத்திருப்பவர்களும் இதையே பின்பற்றலாம். செந்தேளைப் பிடித்து டப்பாவில் போட்டு வைத்திருப்பவர்கள் தீனியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது உயிருக்கே ஆபத்தான விஷம், வீட்டில் வைத்துக்கொள்ளும் ஜந்து இல்லை. அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் எம்பரர் தேள் இருக்கிறது, வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

சரி, என்ன போடுவது? கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி), தீனிக்கென்றே வளர்த்து விற்கும் துபியா கரப்பான், எப்போதாவது மீல்வார்ம் என்ற வண்டுப் புழு. புழு மண்ணுக்குள் புகுந்துவிடும், அதனால் தலையை நசுக்கிவிட்டுப் போடுங்கள். வாலை விட்டுவிட்டுத் தேளின் உடம்பு நீளத்தை மட்டும் பாருங்கள், பூச்சி அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. போடுவதற்கு முந்தைய நாள் அந்தப் பூச்சிகளுக்கே கேரட்டும் கீரையும் நன்றாகத் தின்னக் கொடுங்கள், அந்தச் சத்துதான் தேளுக்குப் போகும். சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடும் யோசனை எல்லாருக்கும் வரும், வேண்டாம், அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. எலிக்குஞ்சு போட்டு வீடியோ எடுப்பவர்களும் இருக்கிறார்கள், தேளுக்கு அதற்கு எந்த அவசியமும் இல்லை.

இருட்டிய பிறகு போடுங்கள், ராத்திரி நடமாடும் பிராணி அது. கையால் போடாமல் நீளமான இடுக்கியால் விடுங்கள். தேளுக்குக் கண் பார்வை சுமார்தான். கிடுக்கிகளின் மேல் இருக்கும் மெல்லிய முடிகள் காற்றசைவை உணரும், கால்கள் தரையின் அதிர்வை உணரும், பூச்சி நாலடி நடந்தாலே போதும், அது எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வளர்ந்த எம்பரர் பெரும்பாலும் கொட்டாது, கிடுக்கியால் நெரித்தே கொன்றுவிடும். அப்புறம்தான் பார்க்க வேண்டும். வாயருகே இருக்கும் சின்ன இரண்டு கொறடுகள் மாறி மாறிப் பூச்சியைப் பிய்க்கும், அதன் மேல் செரிமான நீர் கொட்டும், சதை கூழாகும், கூழை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். திடமான எதையும் விழுங்காது. மணிக்கணக்கில் ஆகும், நடுவில் விளக்கைப் போட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். மறுநாள் காலையில் இறக்கையும் ஓடுமாக ஒரு சின்ன உருண்டை கிடக்கும், எடுத்துப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அந்த ஈரத்தில் பூஞ்சையும் சிலந்திப்பேனும் வந்துவிடும்.

முக்கியமான விஷயம், 24 மணி நேரத்தில் தின்னாத உயிருள்ள பூச்சியை வெளியே எடுத்தே ஆக வேண்டும். வளரும் தேள் சட்டை உரிப்பதற்கு முன்னால் உடம்பு உப்பி, நிறம் மங்கி, தீனியை ஒதுக்கும். உரித்ததும் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், அந்த நேரத்தில் பசித்த கிரிக்கெட் ஒன்று உள்ளே இருந்தால் தேளையே கடித்துத் தின்றுவிடும். தோல் இறுகட்டும், ஒரு வாரம் கழித்துப் போடுங்கள்.

வளர்ந்த தேள் சட்டை உரிப்பதில்லை. அது தின்னவில்லை என்றால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகும், பசியும் போகும். 25 முதல் 29 வரை வைத்து, மண் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவும் சரி என்றால் வயிற்றைப் பாருங்கள். முதுகுத் தகடுகளுக்கு நடுவே வெளிறிய தோல் விரிந்து தெரிந்தால் அது மூக்குமுட்டத் தின்றிருக்கிறது, மூன்று வாரம் சும்மா விடுங்கள். பெண்ணாக இருந்தால் சினையாகவும் இருக்கலாம்.

தேள் முட்டையிடாது, குட்டி போடும். வெள்ளை வெளேரென்று தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும் குட்டிகளுக்கு முதல் சட்டை உரிக்கும்வரை எதுவும் தர வேண்டாம், உடம்பில் இருக்கும் சத்தே போதும். தாய்க்கு மட்டும் தீனியும் தண்ணீரும் குறையக் கூடாது, தொட்டியையும் நகர்த்தாதீர்கள், மிரண்டுபோன தாய் குட்டிகளையே தின்னும். குட்டிகள் முதுகிலிருந்து இறங்கியதும் நசுக்கிய சிறு கிரிக்கெட்டுகளை வாரம் இரண்டு மூன்று தடவை போடுங்கள். எம்பரர் குட்டிகள் தாயோடு சேர்ந்தே தின்னும், அதனால் தாய்க்கு ஒரு பெரிய பூச்சி போட்டால் அது பிய்ப்பதில் இவையும் பங்குக்கு வரும்.