குதிக்கத் தெரியாத நாயகன்: வீடியோ கேம் உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோ கேம் உருவாக்க முனைவோர் பலர் கதை, வரைபடம், பாத்திரங்களின் உடையலங்காரம் ஆகிய அனைத்தையும் முடித்துவிட்டு, அந்தப் பாத்திரம் எப்படி ஓட வேண்டும், எப்படிக் குதிக்க வேண்டும் என்பதைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இந்தத் தலைகீழ் வரிசையின் பிள்ளைகளே. விளையாடுபவர் மணிக்கணக்கில் செய்யப்போவது பொத்தானை அழுத்துவதுதான். அதற்குத் திரை தரும் பதில் கைக்கு இதமாக இல்லாவிட்டால், அழகான பின்னணி ஓவியத்துக்காக அவர் காத்திருக்கப்போவதில்லை. 1996இல் வெளிவந்த சூப்பர் மாரியோ 64ஐ உருவாக்கியபோது, நிண்டெண்டோவின் கேம் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோவின் குழு லெவல்களை அமைப்பதற்கு முன்பே மாரியோவை ஒரு சிறு வெளியில் ஓடவிட்டு, முயலொன்றைத் துரத்திப் பிடிக்கவைத்து, அசைவுகளைச் செதுக்கியது. அந்த முயலுக்குப் பின்னர் கேமிலேயே ஓர் இடமும் கிடைத்தது.

குதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேடையின் விளிம்பைக் கால் தாண்டிய கணத்திலேயே குதிக்கும் வாய்ப்பை நிறுத்திவிடுவது கணக்குப்படி சரியானதே. ஆனால் விளையாடுபவர், தாம் விளிம்பில் நிற்கும்போதே பொத்தானை அழுத்திவிட்டதாக உறுதியாக நம்புவார். கேம் தம்மை ஏமாற்றுகிறது என்றே சொல்வார். இதனால்தான் 2018இல் வந்த செலஸ்ட் என்ற கேம், விளிம்பைக் கடந்த பிறகும் பத்தில் ஒரு விநாடி வரை குதிக்க அனுமதிக்கிறது. இத்தகைய சலுகைகள் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளை மேடைகளாக வைத்துப் பல நாள் விளையாடிப் பார்த்தால்தான் பிடிபடும். ஓவியங்களை வரைந்து முடித்த பிறகு குதிக்கும் உயரத்தை மாற்றினால், எல்லா மேடைகளையும் மீண்டும் அளந்து வைக்க நேரிடும்.

அடுத்த தவறு, வேகத்தை ஃபிரேம் எண்ணிக்கையோடு, அதாவது திரையில் அடுத்தடுத்துக் காட்டப்படும் படங்களின் எண்ணிக்கையோடு, கட்டிப்போடுவது. ஒரு ஃபிரேமுக்கு 5 பிக்சல் நகரும்படி எழுதினால், விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் பாத்திரம் ஒரு விநாடியில் 300 பிக்சல் நகரும். 144 ஃபிரேம் ஓடும் கணினியில் அதுவே 720 ஆகிவிடும். முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தால் வேகத்தைப் பெருக்குவதே முறை. 1978இல் டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகள் குறையக் குறைய வன்பொருளின் சுமை குறைந்து எஞ்சியவர்கள் வேகமெடுத்தார்கள். அவர் அதை அப்படியே விட்டுவைக்க, அதுவே அந்த கேமின் பரபரப்பாயிற்று. அத்தகைய நற்பேற்றை நம்பி நாம் நிரல் எழுத முடியாது.

கேமை இயக்கும் அடித்தள மென்பொருளான என்ஜினைப் பாதியில் மாற்றுவதும் ஆபத்தானது. 1997இல் அறிவிக்கப்பட்ட டியூக் நியூகெம் ஃபாரெவர், குவேக் 2 என்ஜினை விட்டு அன்ரியலுக்கு மாறியது, வெளிவந்ததோ 2011இல். நேர்மாறான கேடும் உண்டு. 1982இல் அடாரி நிறுவனத்தின் இ.டி. கேமை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் முடிக்க வேண்டியிருந்தது. குழிகளில் விழுந்து விழுந்து எழும் சலிப்பைக் கண்டு திருத்த அந்த அவகாசம் போதவில்லை.

அத்தகைய சலிப்பை உருவாக்கியவரே கண்டுபிடிப்பது அரிது, ஏனெனில் அவருக்கு வழி மனப்பாடம். கேமைப் பார்த்தே இராத ஒருவரை விளையாடச் சொல்லிவிட்டு, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டு, வாய் திறக்காமல் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். “அந்தக் கதவைத் திற” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் சோதனை அத்தோடு கெட்டது.

தமிழில் கேம் உருவாக்குவோர் கடைசிக்குத் தள்ளும் இன்னொன்று எழுத்து. எழுத்துருவை முறையாகக் கோத்துக் காட்டும் வசதி இல்லாத என்ஜினில் ‘தொடங்கு’ என்னும் பொத்தானைப் பார்த்தால், கொம்பு ‘த’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கோடோ 4 போன்றவற்றில் இந்தச் சிக்கல் இல்லை என்றாலும், உரையாடலை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சிடுவதுபோல் காட்டும்போது வேறொன்று முளைக்கிறது. கணினி புள்ளியையும் தனிக் குறியாகவே எண்ணுவதால், ‘வணக்கம்’ என்ற சொல்லில் ‘க’ முதலில் தோன்றி, அடுத்த நொடிப்பொழுதில் தலையில் புள்ளி வைத்துக்கொண்டு ‘க்’ ஆகிறது. ஒவ்வொரு வரியும் இப்படித் துடித்துத் துடித்து வருகிறது. குறிகளை எண்ணாமல் முழு எழுத்துகளாகப் பிரித்துக் காட்டும்படி நிரலைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதும், அதை முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டால்.