தேங்காய்த் தொட்டியிலிருந்து கிளர்வூட்டிய கரி: முதல்முறை செய்பவர்களுக்கு

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் மலைபோல் குவிந்து கிடக்கும் தேங்காய்த் தொட்டியை (கொட்டாங்குச்சியை)ச் சுட்டால் கிடைப்பது வெறும் கரி. நீர் வடிகட்டிகளிலும் தங்கச் சுரங்கங்களிலும் பயன்படுவது அதற்கு அடுத்த நிலையான ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது கிளர்வூட்டிய கரி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உள்ளே இருக்கும் நுண்துளைகளில்தான். நன்றாகச் செய்த கிளர்வூட்டிய கரி ஒரு கிராமில் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். அதாவது கால் ஏக்கர் நிலம்!

துளைகளை உண்டாக்க இரண்டு வழிகள் உண்டு: வேதிப்பொருளில் ஊறவைத்துச் சுடும் வேதி முறை, கரியில் நீராவியைச் செலுத்தும் இயற்பியல் முறை. முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வேதி முறை என்பது என் உறுதியான கருத்து. வெப்பம் குறைவு, ஒரே சூடாக்கலில் வேலை முடியும். ஆனாலும் இதைக் கல்லூரி ஆய்வகத்தில், புகையை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டிக்குள் (ஃப்யூம் ஹூட்), தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். சமையலறையில் வேண்டவே வேண்டாம்.

வேதி முறை

1. தொட்டியின் நாரைச் சுரண்டி, கழுவிக் காயவைத்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்துச் சலியுங்கள். 50 கிராம் போதும்.

2. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, 50 மில்லி நீரில் 85% பாஸ்பாரிக் அமிலம் 50 மில்லியை மெல்லச் சேருங்கள். அமிலத்தின் மேல் நீரை ஊற்றாதீர்கள். இந்தக் கரைசலில் தொட்டித் துகளை ஓர் இரவு ஊறவிட்டு, 110 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள்.

3. மூடியுள்ள பீங்கான் புடக்குகையில் (கடும் வெப்பம் தாங்கும் சிறு கிண்ணம்) இட்டு, மஃபிள் உலையில் (ஆய்வக மின் உலை) 450 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மூடி சரியாக இல்லையென்றால் காற்று புகுந்து கரி சாம்பலாகிவிடும். ஆறும்வரை திறக்காதீர்கள்.

4. கழுவுதல். பலர் அவசரப்படும் இடம் இது. சூடாக்கும்போது அமிலம் தொட்டியிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கிறது. தார் உருவாவதைக் குறைக்கிறது. கரியாகும் பொருளுக்கு நடுவே பாஸ்பேட்டாகத் தங்கி இடம் பிடித்துக்கொள்கிறது. அது வெளியேறும்போதுதான் அந்த இடம் துளையாகத் திறக்கும். ஆகவே கழுவுவது வெறும் சுத்தப்படுத்தல் அல்ல, கிளர்வூட்டலின் கடைசிப் பகுதி. வடிநீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 7 என்றால் நடுநிலை) 6க்கு மேல் வரும்வரை, சூடான காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். அமில வடிநீரைச் சுண்ணாம்பு சேர்த்து நடுநிலையாக்கிய பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

5. மீண்டும் 110 டிகிரியில் உலர்த்துங்கள். 20 கிராம் அளவுக்குக் கரி கிடைக்கும்.

பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதில் துத்தநாகக் குளோரைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் பயன்படுகின்றன. முதலாவது நீர்நிலைகளுக்கு நஞ்சு. இரண்டாவது 700 டிகிரிக்கு மேல் உலையையே அரிக்கும். தொடக்கத்தில் இரண்டையும் தொடாதீர்கள்.

இயற்பியல் முறை

ஆலைகளில் தேங்காய்த் தொட்டிக் கரிக்குப் பெரும்பாலும் இந்த முறைதான். தொட்டியை முதலில் காற்றுக் குறைவாக 400 முதல் 600 டிகிரியில் சுட்டுக் கரியாக்குவார்கள். பிறகு 800 முதல் 1000 டிகிரியில் நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கார்பனை அரித்து, கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறும். முதலாவது உயிரைக் கொல்லும் வாயு, இரண்டும் தீப்பற்றுபவை. டிரம்மிலும் அடுப்பிலும் இதை முயலக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இந்த முறையின் சூட்சுமம் எப்போது நிறுத்துவது என்பதில் இருக்கிறது. அரிப்பு கூடக்கூடப் பரப்பும் கூடும். கரியின் எடை பாதியளவு குறைந்த பிறகும் தொடர்ந்தால் துளைச் சுவர்கள் இடிந்து, பரப்பு குறையத் தொடங்கும்.

சோதித்துப் பாருங்கள்

லிட்டருக்கு 100 மில்லிகிராம் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் கரைத்த நீரை இரண்டு குடுவைகளில் 100 மில்லி வீதம் எடுங்கள். ஒன்றில் நீங்கள் செய்த கரி, மற்றதில் சாதாரணக் கரி, இரண்டையும் மாவாக அரைத்து 0.1 கிராம் வீதம் இட்டு ஒரு மணி நேரம் குலுக்குங்கள். வடிதாளும் சாயத்தை ஈர்க்கும் என்பதால் வடிகட்டாமல் தெளிய விடுங்கள். சாதாரணக் கரி இட்ட குடுவை நீலமாகவே நிற்கும். உங்கள் கரி நன்றாக வந்திருந்தால் அந்தக் குடுவையில் நிறம் பெருமளவு வெளுத்திருக்கும். வெளுக்கவில்லையா? மறுபடி கழுவி, உலர்த்திச் சோதியுங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

கரியைக் காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். ஈரத்தையும் வாடையையும் அது தானாகவே இழுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் செய்த இந்தக் கரியைக் குடிநீர் வடிகட்டியிலோ மருந்தாகவோ பயன்படுத்தாதீர்கள்.