பேட்டை மாறும் முன் அதன் புழக்கத்தைப் பதிவு செய்வது எப்படி?

சிங்கப்பூரில் ஒரு வட்டாரம் மாறப்போகிறது என்று தெரிந்ததும், அதைப் பதிவு செய்ய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கட்டடங்களைப் படமெடுப்பதில் தொடங்குகிறார்கள். அந்த அக்கறை நல்லதே. ஆனால் கட்டடங்களின் வரைபடங்களும் படங்களும் பொது அமைப்புகளிடம் ஏற்கெனவே உள்ளன. குட்டி இந்தியா 1989ஆம் ஆண்டிலேயே பாதுகாக்கப்படும் வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டுவிட்டதால், அங்குள்ள கடைவீடுகளின் முகப்புகள் இன்னும் நெடுங்காலம் நிற்கும். அந்த முகப்புக்குப் பின்னால் யார், எந்த நேரத்தில், எதற்காக வந்து போனார்கள் என்பதை அரசிதழ் காப்பதில்லை. மாவு மில் இருந்த ஒரு கடைவீடு அதே சாளரங்களோடு தங்கும் விடுதியாக மாறினால், சட்டப்படி எதுவும் அழிந்ததாகாது. மிளகாயையும் மல்லியையும் அரைக்கக் கொடுத்துவிட்டு ஐந்தடி நடைபாதையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கோ அந்த இடமே இல்லாமல் போகிறது. ஆகவே, ஓர் இடத்தின் சுவரைக் காட்டிலும் அதன் புழக்கத்தைப் பதிவு செய்வதே நம்மைப் போன்ற குடியிருப்பாளர்கள் செய்ய வேண்டிய வேலை என்பது என் உறுதியான கருத்து. மூன்று நான்கு பேர் கொண்ட குழுவும், ஆளுக்கொரு கைப்பேசியும், ஓராண்டு காலப் பொறுமையும் இருந்தால் இதைச் செய்ய முடியும்.

எல்லையையும் காலத்தையும் வகுத்தல்

முதலில், மாற்றம் எப்போது வரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்டம் அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கான நிலப் பயன்பாட்டைக் காட்டுகிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பேட்டைகளைப் பொறுத்தவரை, 1995இல் தொடங்கப்பட்ட 'செர்ஸ்' எனும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஒரு பேட்டை தெரிவு செய்யப்பட்டால், அறிவிப்பு வெளிவரும் நாளுக்கும் வீட்டுச் சாவியை ஒப்படைக்கும் நாளுக்கும் இடையே சில ஆண்டுகள் கிடைக்கின்றன. அந்த ஆண்டுகள் நமக்கு முழுதாகக் கிடைப்பதாக எண்ணிவிடக் கூடாது. சிறு கடைக்காரர்களும் தனியாக வாழும் முதியவர்களும் முன்கூட்டியே இடம் மாறிவிடக்கூடும். எனவே அறிவிப்புக்காகக் காத்திராமல், வட்டாரம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருக்கும்போதே தொடங்குவது நல்லது.

எல்லையைப் புளோக் எண்களைக் கொண்டு வகுக்காதீர்கள். மக்கள் நடந்து சென்ற தூரத்தைக் கொண்டு வகுத்துக்கொள்ளுங்கள். குவீன்ஸ்டவுனில் உள்ள பழைய வீவக பேட்டையான தங்ளின் ஹால்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கு 31 புளோக்குகளில் இருந்த 3,480 வீடுகள் 2014 ஜூன் மாதம் செர்ஸ் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. அந்தப் புளோக்குகளை மட்டும் பதிவு செய்தால், பக்கத்தில் ஓடிய மலாயா ரயில் பாதை விடுபட்டுப் போகும். அந்தப் பாதையில் வேலை செய்த ஊழியர்கள் 1932இல் குவீன்ஸ்வே பகுதியில் தொடங்கிய வழிபாட்டிடமே பின்னர் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக வளர்ந்து, 1998இல் காமன்வெல்த் டிரைவுக்கு இடம் மாறியது. ரயில் சேவை 2011 ஜூலையில் நின்று, பாதை இன்று 24 கிலோமீட்டர் நீளமுள்ள பசுமை வழித்தடமாகிவிட்டது. ரயில் ஊழியர் குடும்பம், கோயில், சந்தை, பள்ளி, வீடு ஆகிய அனைத்தையும் இணைத்த நடைவழிதான் அந்த வட்டாரத்தின் தமிழ் வரலாறு. புளோக்கின் எல்லைக்குள் அது அடங்காது.

மேலும் 1989 முதல் வீவக பேட்டைகளில் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவருக்கும் வரம்பு வைப்பதால், தமிழர்கள் மட்டுமே வாழும் புளோக் என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை. தமிழர் புழக்கம் சந்திப்புகளில்தான் தெரியும்: கோயில் வாசல், பூக்கடை, மளிகைக்கடை, புளோக்கின் கீழ்த்தளம், உணவங்காடி நிலையத்தில் வழக்கமாக அமரும் மேசை. அதனால் மலாய், சீன அண்டைவீட்டாரையும் உங்கள் பட்டியலில் கட்டாயம் சேருங்கள். தீபாவளிப் பலகாரத் தட்டு எந்தெந்தக் கதவுகளுக்குப் போனது என்பதைத் தட்டைப் பெற்றுக்கொண்டவர்கள் நம்மைவிடத் துல்லியமாக நினைவில் வைத்திருப்பார்கள்.

மணி வாரியாக ஒரு வரைபடம்

ஒரு பெரிய தாளில் வட்டாரத்தின் எளிய வரைபடத்தை வரைந்துகொண்டு, அதையே பல படிகள் எடுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள்: விடியற்காலை, பள்ளி விடும் நேரம், மாலை, இரவு, பிறகு வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, மாதப் பிறப்பு, அதன்பின் தைப்பூசம், பொங்கல், தீபாவளிக்கு முந்திய வாரங்கள். குழுவினர் அந்தந்த நேரத்தில் நேரில் சென்று, யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள், எந்தப் பாதையில் கடக்கிறார்கள், அங்கே எந்த மொழி கேட்கிறது என்பவற்றைக் குறியுங்கள். ஒரே இடம் காலையில் ஒருவருக்கும் இரவில் வேறொருவருக்கும் உரியதாக இருப்பதை இந்தப் படிகளை அடுக்கி வைத்துப் பார்க்கும்போதுதான் அறிய முடிகிறது.

குட்டி இந்தியாவின் தேக்கா வட்டாரத்தைப் பதிவு செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்ளாதேஷிலிருந்தும் வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் ஊழியர்கள், ஊருக்குப் பணம் அனுப்பவும், காய்கறி வாங்கவும், ஒரே ஊர்க்காரர்களைச் சந்திக்கவும் அங்கே கூடுகிறார்கள். அவர்களை வந்துபோகும் கூட்டமாகக் கருதி ஒதுக்கிவிட்டு, நான்கு தலைமுறைக் கடைகளை மட்டும் எழுதுவது பெரிய குறை. அவ்வட்டாரத்தின் முதன்மைச் சாலையான சிராங்கூன் சாலையின் வரலாறே வேலை தேடி வந்தவர்களால் ஆனது. சுண்ணாம்புச் சூளைகளை ஒட்டி அந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று தமிழர்கள் அழைத்த காலத்திலும், மாட்டுத் தொழுவங்கள் நிறைந்திருந்த காலத்திலும் அங்கு வாழ்ந்தவர்கள் அவர்களைப் போன்ற உழைப்பாளிகளே. இன்றைய ஊழியர்கள் எந்தப் புல்வெளியில் உட்காருகிறார்கள், எந்தக் கடையில் தங்கள் பையை நம்பிக்கையோடு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். ஆனால் அவர்களின் முகம் தெரியும்படி அனுமதியின்றிப் படமெடுக்காதீர்கள். வேலை சார்ந்த சிக்கல்கள் வரக்கூடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கும், அது நியாயமானது.

பெரியவர்களிடம் பேசுதல்

இந்தப் பணியின் உயிர் நேர்காணலில் இருக்கிறது. அதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். முதல் சந்திப்பில் பதிவுக் கருவியை வெளியே எடுக்க வேண்டாம். அறிமுகமான ஒருவர் மூலமாகச் சென்று, நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பேட்டை, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஐயா, அம்மா என்றோ, அவருக்குப் பழகிய முறையில் மாமா, அக்கா, அங்கிள், ஆன்ட்டி என்றோ அழையுங்கள். சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவும் கோயில் தொண்டர்களும் அறிமுகம் செய்துவைக்க உதவக்கூடும். இரண்டாம் சந்திப்பில்தான் பதிவு.

"அந்தக் காலத்தில் இங்கே எப்படி இருந்தது?" என்று கேட்டால், "எல்லாரும் ஒத்துமையா இருந்தோம், கதவைப் பூட்டவே மாட்டோம்" என்ற விடைதான் வரும். அது உண்மையாகவே இருக்கலாம்; ஆனால் எந்தப் பேட்டையிலும் எவரும் சொல்லக்கூடிய விடை என்பதால், உங்கள் வட்டாரத்தைப் பற்றி எதையும் கூறுவதில்லை. கேள்வியைக் கையால் தொடக்கூடிய பொருளோடும் குறிப்பிட்ட நேரத்தோடும் கட்டுங்கள். காலையில் கதவைத் திறந்தால் முதலில் யாரைப் பார்ப்பீர்கள்? பால் யார் கொண்டு வந்தார், எதில் ஊற்றினார்? மளிகைக்கடையில் கடன் புத்தகம் இருந்ததா, கணக்கை எந்த நாளில் தீர்ப்பீர்கள்? சம்பளம் வாங்கியதும் முதலில் எங்கே போவீர்கள்? சாமி ஊர்வலம் எந்த வழியாக வந்தது, நீங்கள் எங்கே நின்று பார்ப்பீர்கள்? வீட்டில் துக்கம் நேர்ந்தால் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டது யார், சாப்பாடு யார் வீட்டிலிருந்து வந்தது? இத்தகைய கேள்விக்கு விடை சொல்லும்போது பெரியவரின் கை தானாகவே ஒரு திசையைச் சுட்டும். அந்தத் திசையை உடனே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவருடன் அந்த வழியில் மெதுவாக நடந்தபடியே பேசுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து மறந்ததெல்லாம் மின்தூக்கி வாசலில் நினைவுக்கு வரும்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உடன் இருக்கலாம். ஆனால் பெரியவர் தமிழில் சொல்வதை அவர்கள் இடையிடையே ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்ல விடாதீர்கள். அவ்வாறு சுருக்கும்போது முதலில் உதிர்வது ஆட்களின் பட்டப்பெயரும் இடங்களின் பழைய பெயரும்தான். எழுத்துப்படி எடுக்கும்போதும் பேச்சைத் திருத்த வேண்டாம். சந்தையைப் பாசார் என்று சொன்னால் பாசார் என்றே எழுதுங்கள். எழுத்துத் தமிழில் ஒரு சுருக்கம் தேவைப்பட்டால் தனியாகத் தயாரித்துக்கொள்ளலாம். மௌனத்தையும் மதியுங்கள். சண்டை, சாதி, கடன், குடி போன்றவை பேச்சில் வரும். அவற்றையும் கேளுங்கள், ஆனால் வெளியிடலாமா என்பதைப் பதிவு முடிந்தபின் அவரிடமே தனியாகக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒப்புதல் படிவம் ஒரு பக்கத்துக்கு மேற்படாமல், தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். பதிவு எங்கே வைக்கப்படும், யார் கேட்கலாம், பெயர் வெளியிடப்படுமா, பின்னர் மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். படிக்க இயலாதவருக்கு வாசித்துக் காட்டி, அவருடைய சம்மதத்தைக் குரலாகவே பதிவு செய்துகொள்ளுங்கள்.

கருவியும் கோப்பும்

கைப்பேசியே போதும். அழைப்புகள் வராதபடி அதை விமானப் பயன்முறைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றி, மின்விசிறியை நிறுத்தி, பேசுபவருக்கு ஒரு முழ தூரத்தில் மெத்தென்ற துணியின்மீது வையுங்கள். சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பு வடிவத்தில், ஒற்றைத் தடமாக (மோனோ), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் தேவைப்படும். தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றைக் குரலில் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையைப் பின்பற்றினால் அவை தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். பழைய குடும்பப் படங்களை வாங்கிச் செல்லாமல் அவர் வீட்டிலேயே 600 டிபிஐ தரத்தில் வருடி எடுத்து, படத்தின் பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதையும் வருடுங்கள். மூன்று படிகள், இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறு வீட்டில் என்பது ஆவணக் காப்பாளர்கள் பொதுவாகப் பின்பற்றும் முறை.

ஒப்படைத்தலும் புது இடத்துக்குக் கொண்டுசெல்லுதலும்

பதிவின் முதல் படி, பேசியவரின் குடும்பத்துக்கே போக வேண்டும். அதன்பின் பொது அமைப்புகளை நாடலாம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இத்தகைய பதிவுகளைச் சேர்த்து வருகிறது. 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், சமூகத்திடமிருந்து பெற்ற பொருள்களையும் காட்சிக்கு வைக்கிறது. அவர்கள் எல்லாவற்றையும் ஏற்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். தெளிவான விவரக்குறிப்பும் ஒப்புதல் படிவமும் உடனிருந்தால் ஏற்கப்படும் வாய்ப்பு கூடும். ஆவணக் காப்பகத்தின் குடிமக்கள் ஆவணத் திட்டத்தில் சேர்ந்தால், அங்குள்ள பழைய படங்களில் இருக்கும் இடங்களையும் மனிதர்களையும் அடையாளம் காட்டி விவரம் எழுதலாம். உங்கள் வட்டாரப் பெரியவர்களை அந்தப் படங்களின்முன் உட்கார வைப்பதே ஒரு பயனுள்ள மாலைப் பொழுதாகும்.

மணி வாரியான வரைபடங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. இடம் மாறுவதற்குள், எந்தெந்தப் புழக்கத்துக்குப் புதுப் பேட்டையில் இடம் வேண்டும் என்று அவற்றிலிருந்து ஒரு பட்டியல் எடுங்கள். மாலையில் பெண்கள் கூடிப் பூத் தொடுத்த திண்ணை, பொங்கல் வைத்த திடல், துக்கத்துக்குக் கூடிய கீழ்த்தளம் என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எந்த நேரம், எவ்வளவு பரப்பு என்று எழுதுங்கள். அதை நகர மன்றத்திடமும் அடித்தள அமைப்புகளிடமும் நேரில் கொடுங்கள். "எங்கள் மரபைக் காக்க வேண்டும்" என்ற கோரிக்கையோடு செல்கிறவரைவிட, "வாரத்தில் இரண்டு மாலைகள், பன்னிரண்டு நாற்காலிகள், மழை படாத ஓர் இடம்" என்று கேட்கிறவருக்கு அதிகாரிகளால் எளிதில் விடை சொல்ல முடியும். டகோட்டா கிரசெண்ட் என்ற பழைய பேட்டையில் 1958இல் கட்டப்பட்ட 17 புளோக்குகளில் ஆறு தக்கவைக்கப்படும் என்று 2017இல் அறிவிக்கப்பட்டதற்கு, குடியிருப்பாளர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து திட்டமான முன்மொழிவுகளோடு பேசியதும் ஒரு காரணம்.

புது வீட்டுக்குக் குடிபோன முதல் ஆண்டுக்குள் குழு மறுபடியும் கூடி, அதே நேர அட்டவணைப்படி புது வட்டாரத்தின் வரைபடத்தையும் வரையட்டும். பழைய படிகளில் இருந்த எந்தப் புழக்கம் புதியவற்றில் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்ட ஒவ்வொன்றுக்கும் இடம் இல்லாததா, நேரம் ஒத்துவராததா, அழைக்க ஆள் இல்லாததா என்று காரணத்தை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். அழைக்க ஆள் இல்லை என்பது காரணமானால், அது நகர மன்றத்துக்குப் போக வேண்டிய விண்ணப்பம் அன்று. குழுவில் ஒருவர் அந்த வாரமே கதவைத் தட்ட வேண்டிய வேலை.