பள்ளி விடுமுறையில் நீர்ப் பூங்கா: எப்போது போவது, எதில் ஏறுவது, எதை விட்டுவிடுவது

மலேசியாவில், கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் 3 மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. காலையில் அடித்த வெயில்தான் மாலையில் இடியாகத் திரும்பி வருகிறது. இடி கேட்டதும் நீர்ப் பூங்காவில் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்றிவிடுவார்கள். ஆகவே கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். உயரமான சறுக்குகளை முதல் 2 மணி நேரத்தில் முடித்துவிட்டு, 11.30க்கே சாப்பிட்டுவிடுங்கள். ஊரே சாப்பிடப் போகும் 1 மணிக்குச் சறுக்கு வரிசை குறையும். அப்போது இன்னொரு சுற்று போகலாம். 3 மணிக்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். வீட்டில் பசியாறி, கோயிலுக்குப் போய், சித்தி வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மதியம் போய்ச் சேர்ந்தால் முழுக் கட்டணத்துக்கு அரை நாள்தான் கிடைக்கும்.

மின்னலின் தூரத்தைக் கணக்கிடப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கலாம். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி 3ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தண்ணீரில் நிற்கக் கூடாத தூரம் அது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பது உலகெங்கும் உள்ள பொதுவான பாதுகாப்பு வழக்கம். நடுவில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிடம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். 4 மணிக்கு வரும் இடிமழை அன்றைய நாளையே முடித்துவிடுவது இதனால்தான். மழை நின்ற பிறகும் ஏன் திறக்கவில்லை என்று ஊழியரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரைப் பந்தல், குடை, மரத்தடி எதுவும் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. சுவர் வைத்த கட்டடத்துக்குள்ளோ கதவு மூடிய பேருந்துக்குள்ளோ போங்கள். இடி ஓயும்வரை ஷவரில் குளிக்கவும் வேண்டாம். மழைக்காகப் பூங்கா மூடினால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும்.

மழைக்காலத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கப் பிடிக்காதவர்களுக்கு இம்பி மோனோரயில் நிலையத்தை ஒட்டிய பெர்ஜயா டைம்ஸ் ஸ்குவேர் இருக்கிறது; அங்குள்ள பூங்கா முழுவதும் கட்டடத்துக்குள்தான். கெந்திங் மலையில் நிலைமை வேறு. அங்கே இடியோடு மூடுபனியும் காற்றும் சேர்ந்துகொள்ளும். பனிமூட்டத்தில் தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். சறுக்கிலோ ரோலர் கோஸ்டரிலோ குறிப்பிட்ட ஒன்றுக்காகவே போகிறீர்கள் என்றால், அன்று அது பராமரிப்பில் இருக்கிறதா என்று முந்தின நாளே பூங்காவின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

மூடிய ரைடும் நின்றுபோன ரைடும்

வாசலில் 'டித்துத்துப் செமெந்தாரா' (தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது) பலகையைப் பார்த்ததும் "இங்கே எல்லாம் பழுதுதான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ரோலர் கோஸ்டர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டோம். தண்டவாளம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போன வண்டி தன் பகுதியை விட்டு வெளியேறியதைச் சென்சார் உறுதிசெய்யும்வரை, பின்னால் வரும் வண்டியைக் கணினி பிரேக்கில் பிடித்து வைக்கும். ஒரு சென்சார் சந்தேகப்பட்டால்கூட எல்லா வண்டியும் நிற்கும். பல பிரேக்குகள் காற்றழுத்தம் இருந்தால் திறந்து, அழுத்தம் போனால் ஸ்பிரிங் விசையில் தானாக மூடிக்கொள்ளும்படி அமைக்கப்படுகின்றன. காந்த பிரேக்குக்கு மின்சாரமே வேண்டாம். மேலே ஏறும்போது கேட்கும் டக் டக் சத்தம், சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் பல்லில் கொக்கி விழும் சத்தம்.

நின்றுபோன ரைடைவிட, அதை அவசரமாக மறுபடி ஓட்டுவதுதான் ஆபத்து. 2015 ஜூன் 2 அன்று இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்ற ரோலர் கோஸ்டரில் சோதனைக்காக அனுப்பிய காலி வண்டி ஒன்று பாதையில் நின்றுவிட்டது. கணினி அடுத்த வண்டியைச் சரியாகத்தான் நிறுத்தியது. கணினிதான் தப்பு செய்கிறது என்று நினைத்த ஊழியர்கள் அந்தத் தடையை மீறி வண்டியை விட்டார்கள். வண்டிகள் மோதின, இரண்டு இளம்பெண்கள் தலா ஒரு காலை இழந்தனர். அடுத்த ஆண்டு நீதிமன்றம் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. ஆகவே "வரிசை நீளமாக இருக்கு, சீக்கிரம் விடுங்க" என்று கவுண்டரில் குரல் உயர்த்தாதீர்கள்.

நீங்கள் ஏறிய ரைடு நடுவழியில் நின்றுவிட்டால் தடுப்புக் கம்பியைத் தள்ளிப் பார்க்காதீர்கள். கையையும் காலையும் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். ஏற்றத்தின் பக்கத்தில் படிக்கட்டு இருக்கும். ஊழியர் அதில் ஏறி வந்து ஒவ்வோர் இருக்கையாகத் திறந்து விடுவார். செருப்பு, தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிய வேண்டாம். நீர்ச்சறுக்கில் தண்ணீர் வரத்து நின்று பாதியில் மாட்டிக்கொண்டால் எழுந்து நடக்காதீர்கள். கண்ணாடியிழைப் பரப்பு ஈரமாக இருக்கும்போது காலுக்குப் பிடிமானமே கிடைக்காது; விழுந்து தலையை உடைத்துக்கொள்வதும் பின்னால் வருபவர் வந்து மோதுவதும் அங்கேதான். உட்கார்ந்த நிலையில் சத்தம் போட்டு, மேலே இருப்பவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஏறுமுன் ஒரு சுற்று சும்மா பாருங்கள்

இது பெரிய பூங்காவைவிட, தைப்பூசத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் காலி நிலத்தில் முளைக்கும் ஃபன்ஃபேருக்குத்தான் அதிகம் பொருந்தும். அங்கே ரைடு நேற்றுப் பூட்டியது, அடுத்த வாரம் கழற்றப் போவது. முதலில் அடியைப் பாருங்கள். ரைடின் கால்கள் பலகை அடுக்கின் மேல் நிற்கும். மழைக்குப் பிறகு ஒரு பக்கப் பலகை மண்ணில் புதைந்திருந்தால், அல்லது அடுக்குக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், திரும்பிவிடுங்கள். பிறகு இணைப்புகளைப் பாருங்கள். இரும்புக் கைகளைக் கோத்திருக்கும் பெரிய முளை ஒவ்வொன்றின் நுனியிலும் சிறிய கிளிப் ஒன்று குத்தப்பட்டிருக்க வேண்டும். கிளிப்புக்குப் பதில் கம்பியோ ஆணியோ சொருகியிருந்தால் அந்த ரைடு வேண்டாம். ஜெனரேட்டர் வயர் மூடாமல் ஈரப் புல்லில் கிடந்தால் பக்கத்தில்கூடப் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஓட்டுபவரையும் கவனியுங்கள். ஒரு கை பொத்தான் பலகையில், கண் ரைடில் இருக்க வேண்டும். சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் அவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தடுப்புக் கம்பியைப் பூட்டிய பின் ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, வெறுமே பார்த்துவிட்டுப் போகிறாரா? கைப்பேசியைத் தடவிக்கொண்டே பொத்தானை அமுக்குபவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.

இருவருக்கு ஒரே மடிக்கம்பி இருக்கும் ரைடில் அப்பாவும் ஆறு வயது மகனும் ஒன்றாக உட்காருவது வழக்கம். கம்பி அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். பையன் மடிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அவனைப் பொறுத்தவரை கம்பியே இல்லாத மாதிரிதான். அவன் உயரமும் எடையும் உள்ள அண்ணனோடோ அக்காளோடோ உட்காரட்டும். சுழலும் ரைடில் பெரியவர் வெளிப்பக்கம் உட்கார வேண்டும். சுழற்சியில் உள்ளே இருப்பவர் வெளிப்பக்கம் சாய்ந்து நெருக்குவார். சின்னவர் வெளியே இருந்தால் நசுங்குவார். கம்பி வயிற்றில் அல்லாமல் இடுப்பெலும்போடு ஒட்டித் தொடைமேல் உட்கார வேண்டும்.

உயர அளவுகோலை ஏமாற்றத் தடித்த செருப்பு மாட்டிவிடுவது நம்மவர்களின் பழைய வித்தை. பிள்ளையின் தைரியத்தை அளக்க அந்தக் கோடு போடவில்லை. கம்பி சரியான இடத்தில் உட்காருமா, முதுகுச் சாய்வு தலைவரை எட்டுமா என்பதற்காகப் போட்டது. கிளம்பும் முன்பே வெறுங்காலுடன் கதவு நிலையில் நிறுத்தி அளந்து எழுதிக்கொண்டால் வாசலில் அழுகை மிஞ்சாது.

சறுக்கில் படுக்கும் விதம்

உடம்பால் நேராக இறங்கும் வேகச் சறுக்கில் மல்லாந்து படுத்து, கணுக்காலைக் குறுக்காகக் கோத்து, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். கால் விரிந்தால் கீழே தேங்கிய நீரில் மோதும்போது தண்ணீர் உடம்புக்குள் பாய்ந்து காயம் ஏற்படுத்தும். முழங்கை வெளியே நீட்டியிருந்தால் கண்ணாடியிழைத் துண்டுகள் இணையும் விளிம்பில் தோல் சீவிப் போகும். தலை முன்னால் வைத்து இறங்குவது அதற்கென்று பாய் தரும் சறுக்கில் மட்டும்தான்.

மிதவைச் சறுக்கில் எடைதான் எல்லாம். பலகையில் குறைந்தபட்ச எடையும் அதிகபட்ச எடையும் இருக்கும். கூட்டு எடையைக் குடும்பத்தோடு கூட்டிப் பார்த்து வெட்கப்படாமல் சொல்லுங்கள். எடை அதிகமானாலும் ஒரு பக்கம் கூடினாலும் வேகம் மாறி மிதவை பரப்பை விட்டுக் கிளம்பும். அமெரிக்காவின் கான்சஸ் நகரில் 2014இல் திறந்த 51 மீட்டர் உயர 'வெர்ருக்ட்' சறுக்கில் 2016இல் மிதவை பறந்து ஒரு சிறுவன் இறந்தான். 2018இல் அதை இடித்தே விட்டார்கள். உயரமும் சரிவும்தான் ஆபத்தைக் கூட்டும், நீளம் அல்ல. பினாங்கு தெலுக் பஹாங்கில் எஸ்கேப் பூங்காவின் குழாய்ச் சறுக்கு 1,111 மீட்டர். அந்த நீளத்துக்காக 2019இல் கின்னஸ் பதிவு பெற்றது. மலைச்சரிவில் டியூபில் அமர்ந்து வளைந்து வளைந்து வருவதால் செங்குத்தான குட்டைச் சறுக்கைவிட அது பயந்த பிள்ளைகளுக்கு ஏற்றது.

இறங்கியதும் குளத்தின் பக்கவாட்டில் உடனே வெளியேற வேண்டும். அடுத்தவர் வரும் பாதையில் நின்று கண்ணைத் துடைப்பதுதான் கீழே நடக்கும் மோதல்களுக்குக் காரணம்.

உடை, தாலி, முடி

பருத்திச் சட்டையும் சுடிதாரும் வேண்டாம். நனைந்தால் கனக்கும், சறுக்கில் ஒட்டி நடுவில் நிறுத்தும். நைலான், லைக்ரா நீச்சல் உடை நீளமாகவும் கிடைக்கிறது. ஜிப்பும் இரும்புப் பொத்தானும் சறுக்கின் மேற்பூச்சைக் கீறுவதால் பூங்காக்கள் திருப்பி அனுப்பும். தாலிக்கொடியும் கழுத்துச் சங்கிலியும் முடியும் டியூப் கைப்பிடியிலும் ஏணியிலும் மாட்டும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அன்று மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்து, கழுத்தை ஒட்டிய நீச்சல் உடைக்குள் போட்டுக்கொள்ளலாம். மெட்டியைக் கழற்றி வீட்டிலேயே வையுங்கள். கோகார்ட்டில் துப்பட்டா அறவே கூடாது. முடியைக் கொண்டை போட்டுத் தலைக்கவசத்துக்குள் அடக்க வேண்டும்.

அலைக்குளமும் தண்ணீரும்

பின்சுவருக்கு அப்பால் உள்ள அறைகளில் காற்றை அடித்துத்தான் பெரும்பாலான அலைக்குளங்கள் அலை எழுப்புகின்றன. சைரன் ஒலித்ததும் ஆரம்பிக்கும். பெரியவர் ஆழப் பக்கத்தில் நின்று பிள்ளையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கரையில் நின்று கை காட்டுவது கண்காணிப்பு ஆகாது. பக்கச் சுவரையும் ஏணியையும் ஒட்டி நிற்காதீர்கள், அலை அதில் அறையும். நீச்சல் தெரியாத பிள்ளைக்குப் பூங்கா தரும் உயிர்காப்புச் சட்டையைப் போட்டு, கவட்டைப் பட்டையையும் பூட்டுங்கள். இல்லையென்றால் சட்டை மட்டும் தலைக்கு மேல் ஏறிவிடும். பள்ளிக் குழுவாகப் போனால் ஓர் ஆசிரியருக்கு 5 பிள்ளைக்கு மேல் வேண்டாம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கை ஆட்டாது. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

தண்ணீரைக் கண்ணாலேயே சோதிக்கலாம். குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். மூழ்கிக் கிடப்பவரும் தெரிய மாட்டார் என்று அர்த்தம். மூக்கைத் துளைக்கும் 'குளோரின்' வாசம் தூய்மைக்கு அடையாளம் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்த சேர்மத்தின் வாசம் அது. தனிக் குளோரின் (எதனோடும் சேராமல் மீந்திருப்பது) 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), பிஎச் (நீரின் அமில, கார அளவு) 7.2 முதல் 7.8 என்பது நல்ல நிலை. பல பூங்காக்கள் அன்றைய அளவைக் கரும்பலகையில் எழுதி வைக்கும். வெயில் குளோரினை அழிக்கும், இளஞ்சூட்டு நீரில் இன்னும் வேகமாக. அதனால் குழந்தைகள் குளம்தான் பராமரிக்கக் கடினமானது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளையை இரண்டு வாரம் அழைத்துப் போகாதீர்கள். கிரிப்டோ எனும் கிருமி சரியான குளோரினிலும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும்.

அலங்காரம் பற்றி ஒரு வார்த்தை. பண்டார் சன்வேயில் சன்வே லகூனைச் சூழ்ந்திருக்கும் மலைச்சுவர் நிஜம். பழைய ஈயச் சுரங்க நிலத்தில்தான் அந்தப் பூங்கா அமைந்தது. பிற இடங்களில் பாறை என்று தெரிவது பெரும்பாலும் வலைமேல் பூசிய சிமெண்டு. ரைடுக்கு மேலே தலையில் இடிப்பது போல வரும் குகை வாயிலும் கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில்தான் இருக்கும். ஆனால் செயற்கைப் பாறையின் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தால், அங்கே பிள்ளையை ஏறி உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டாம்.

கிளம்பும்போது பிள்ளைகளின் உள்ளங்கையருகே அழியாத மார்க்கரில் உங்கள் எண்ணை எழுதுங்கள். நீரிழிவுக்காரர்கள் இன்சுலினைக் குளிர்ப்பையில் லாக்கரில் வையுங்கள், வெயிலில் நிற்கும் பேருந்தில் அல்ல. தயிர்சாதப் பொட்டலத்தை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் அதை மட்டும் பேருந்துக் குளிர்பெட்டியில் விட்டுவிடலாம். யாருக்காவது அடிபட்டால், சிறிய காயமே ஆனாலும் வெளியேறும் முன் முதலுதவி அறையில் பதிவு செய்து, ரைடின் பெயர், இருக்கை அல்லது மிதவையின் எண், நேரம் மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.