அலமாரியில் தூங்கும் கேம்களை மேசைக்கு இறக்க

ரோல்பிளேயிங் கேம் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம்; அதன் விதிகள் புத்தகமாக வரும். அந்தப் புத்தகம் வாங்குவது ஒரு பொழுதுபோக்கு, ஆடுவது வேறொன்று. வாங்க ஒருவர் போதும். ஆட நாலு பேருக்கு ஒரே நாளில் நேரம் ஒத்துவர வேண்டும். அதனால்தான் அலமாரி நிறைகிறது, பகடையில் தூசி படிகிறது.

முதலில் நாளைக் குறியுங்கள், அப்புறம் கேமைத் தேர்ந்தெடுங்கள். மாதக்கணக்கில் ஓடும் தொடர் வேண்டாம். மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிகிற ஒரே கதை போதும். முந்நூறு பக்க விதிகளையும் படித்துவிட்டுத்தான் உட்காருவேன் என்றால் உட்காரவே மாட்டீர்கள். பல கேம்களுக்கு இலவசக் குவிக்ஸ்டார்ட் பிடிஎஃப், அதாவது உடனே ஆடத் தொடங்க உதவும் சுருக்க விதிகள், கிடைக்கிறது. பெரும்பாலும் கதாபாத்திரங்களும் அதிலேயே தயாராக இருக்கும். (இந்த வகையில் பேர்பெற்ற கேமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974 முதல் பதிப்பே மூன்று ஒல்லிப் புத்தகங்கள்தான்.) பகடையை எப்போது உருட்டுவது, சண்டை எப்படி நடக்கும், அடிபட்டால் என்ன ஆகும்: இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு விதி மறந்தால் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். தோதாக ஒரு முடிவு சொல்லிவிட்டு நகருங்கள், சரிபார்ப்பதைப் பிறகு பார்க்கலாம்.

படிக்க மட்டுமே வாங்குவதும் தப்பில்லை, நானும் வாங்குகிறேன். அவற்றுக்குத் தனித் தட்டு. ஆட நினைக்கும் இரண்டு மட்டும் கண்ணெதிரே இருக்கட்டும்.