ஹெபடைடிஸ் சி என்று ரிப்போர்ட் வந்தால் மட்டக்களப்பு, அம்பாறையில் யாரிடம் போவது, எதை நம்புவது

எங்கட பக்கத்தில் பலருக்கு ஈரலைத் தாக்கும் கிருமி நோயான ஹெபடைடிஸ் சி பற்றித் தெரியவருவது வருத்தம் வந்து படுத்ததால் அல்ல. கட்டாருக்கோ சவூதிக்கோ போக மெடிக்கல் எடுக்கிறார்கள், "அன்ஃபிட்" என்று கடுதாசி வருகிறது. இல்லாவிட்டால் கோயிலிலோ பள்ளிவாசலிலோ நடந்த இரத்ததான முகாமில் இரத்தம் கொடுத்த பிறகு இரத்த வங்கியில் இருந்து போன் வருகிறது. டயலிசிஸ் செய்கிறவர்கள், தலசீமியா பிள்ளைகள் போல அடிக்கடி இரத்தம் ஏற்றுகிறவர்களுக்கு வழக்கமான பரிசோதனையில் தெரியவரலாம். எப்படித் தெரிந்தாலும் அந்த முதல் இரண்டு மூன்று நாள்தான் ஆளைக் குழப்பிவிடும். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இரவு முழுக்க போனில் தேடி, கண்டதையெல்லாம் வாசித்து, விடியும்போது தனக்குச் சாவு நெருங்கிவிட்டது என்று நம்பி எழும்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இது குணப்படுத்தக்கூடிய நோய். 12 வாரம் குளிசை குடித்து, 100 பேரில் 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறார்கள்.

முதலில் கையில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பாருங்கள். "அன்டி எச்சிவி ரியாக்டிவ்" (எச்சிவி என்பது ஹெபடைடிஸ் சி கிருமியின் பெயர்) என்று மட்டும் இருந்தால், உங்கள் உடம்பு எப்போதோ அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதற்கான அடையாளம் மட்டும்தான் அது. கிருமி இப்போதும் இரத்தத்தில் இருக்கிறதா என்று அது சொல்லாது, சில வேளை பிழையாகவும் ரியாக்டிவ் காட்டும். கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் 6 மாதத்துக்குள் தானாக அழிந்துவிடுகிறது, ஆனால் அந்த அடையாளம் இரத்தத்தில் நின்றுவிடும். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த பரிசோதனை "எச்சிவி ஆர்என்ஏ", கிருமி இப்போது இரத்தத்தில் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பது, பிசிஆர் என்றும் சொல்வார்கள். அது முடியும்வரை யாரும் உங்களுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று முடிவாகச் சொல்ல முடியாது, நீங்களும் அப்படி நினைத்து மனதை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எங்கே போவது? இந்த நோய்க்கென்று தனியாக ஒரு சங்கமோ நிலையமோ தேடி அலைய வேண்டாம், இருக்கிற கதவுகளைச் சரியாகத் தட்டினால் போதும். இரத்த வங்கியில் இருந்து கூப்பிட்டிருந்தால் முதலில் அங்கேயே போங்கள். நாட்டில் தானம் செய்யப்படும் எல்லா இரத்தத்தையும் ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் பார்க்கிறார்கள், ஆகவே இப்படி வருகிறவர்களோடு பேசுவது அங்குள்ள டொக்டர்களுக்குப் புதிதல்ல. வெளியில் செய்த டெஸ்ட் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, அம்பாறை பொது வைத்தியசாலையிலோ, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளில் உங்களுக்குக் கிட்டியதிலோ ஓபிடியில் ரிப்போர்ட்டைக் காட்டி, பொது வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அங்கே இருந்து தேவைப்பட்டால் ஈரல் நிபுணரிடம் அனுப்புவார்கள். ஆர்என்ஏ பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், உடனே இரவு பஸ்ஸுக்கு சீட் போடாமல், இங்கேயே இரத்தம் எடுத்து மாதிரியை மட்டும் அனுப்ப முடியுமா என்று ஒருமுறை கேளுங்கள். படுவான்கரையில் இருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்த ஒரு கேள்வி பெரிய வித்தியாசம்.

கிளினிக்கில் டொக்டருக்கு நேரம் குறைவு, வரிசை நீளம், அதனால் கேட்க வேண்டியதைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முதல் நாளே எழுதிக்கொண்டு போங்கள். ஆர்என்ஏ எப்போது? ஈரலில் தழும்பு எவ்வளவு, சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகுவது, இருக்கிறதா? (சாதாரண இரத்தப் பரிசோதனையில் வரும் ஏஎஸ்டி அளவு, பிளேட்லட் எண்ணிக்கையை வைத்தே ஒரு மதிப்பீடு செய்யலாம், ஃபைப்ரோஸ்கேன் என்ற ஈரல் ஸ்கேன் இருக்கிற இடத்தில் அதிலும் பார்க்கலாம்.) ஹெபடைடிஸ் பி பார்த்தாயிற்றா? இந்தக் கேள்வியை விடாதீர்கள். இரண்டும் இருப்பவருக்கு சி வகைக்கான மருந்து தொடங்கும்போது உறங்கிக் கிடந்த பி கிளம்பி ஈரலைத் தாக்கலாம், அதனால் மருந்து தொடங்க முன்னமே பார்க்க வேண்டும். எச்ஐவியும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அதற்கு அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் காசு எடுப்பதில்லை, பெயர் வெளியே போவதும் இல்லை. அந்த வாசலில் யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் ஒதுங்கிப் போகாதீர்கள்.

டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து இரண்டு சொல்லில் முடித்துவிட்டால், வெளியே வந்து தாதியிடம் ஆறுதலாகக் கேளுங்கள். வெட்கம் வேண்டாம், "மிஸ், எனக்கு விளங்கேல்ல, திருப்பிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் சொல்லித் தருகிறவர்கள் நிறைய. அம்பாறை நகரத்தில் சிங்களம் தெரியாமல் சிரமப்படுகிறவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போகலாம், ஆனால் அந்த ஆள் வாய் காக்கிறவரா என்று யோசித்துத் தெரிவு செய்யுங்கள். போனில் கேட்பதற்கு சுகாதார அமைச்சின் 1999 இருக்கிறது, தமிழில் பேசலாம்.

இனி இணையத்தில் தேடுவது. எழுதிய ஆண்டைப் பார்க்காமல் ஒரு வரியும் நம்பாதீர்கள், இதுதான் என் முதல் அறிவுரை. இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். இப்போது இதற்குக் கொடுக்கும் சோஃபோஸ்புவிர் என்ற குளிசை அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2013 டிசம்பரில். அதற்கு முன் எழுதியவை எல்லாம் 24, 48 வாரம் இன்டர்ஃபெரோன் ஊசி, காய்ச்சல், மனச்சோர்வு, முடி கொட்டல், பாதிப் பேருக்குத்தான் குணம் என்று பயமுறுத்தும், அது அந்தக் காலத்து உண்மை. 2014ஐ ஒட்டி எழுதியவை ஒரு குளிசை ஆயிரம் டொலர் என்று சொல்லும், அது அமெரிக்க விலை. பிறகு இந்தியக் கம்பனிகள் உரிமம் பெற்று அதே மருந்தை மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கிவிட்டன. ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் ஹெபடைடிஸ் சி பக்கத்தில் தொடங்குங்கள், புதுப்பித்த திகதி மேலேயே இருக்கும். ஆங்கிலம் சிரமம் என்றால் ஏஎல் படிக்கிற மகளோ மருமகனோ பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்லட்டும், அதனால் வீட்டில் இன்னொருவருக்கும் விஷயம் சரியாகப் போய்ச் சேரும். லண்டனில் சொந்தக்காரர் இருந்தால், அங்கே ஹெபடைடிஸ் சி டிரஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது, நோயால் பாதிக்கப்பட்டவர்களே தொடங்கி நடத்துவது, அவர்களின் கையேடுகளை எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

வட்ஸ்அப்பில் வருகிற செங்கமாரி வைத்தியம் எதையும் இதோடு கலக்காதீர்கள். தண்ணீர், சாப்பாட்டில் பரவும் ஏ வகை தானாக மாறும், பத்தியம் இருந்தவருக்குக் கீழ்காய்நெல்லியால் மாறியது போலத் தெரியும். சி அப்படி அல்ல, சத்தமில்லாமல் 20 வருடம் ஈரலில் இருந்து 100இல் 15 முதல் 30 பேருக்கு சிரோசிஸில் கொண்டுபோய் விடக்கூடியது. பரியாரியிடம் மருந்து குடித்துக்கொண்டிருந்தால் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர் ஏசினாலும் பரவாயில்லை.

மருந்து எழுதித் தந்ததும் வீட்டில் குடிக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வயிற்று எரிவுக்கு நாங்கள் சர்வசாதாரணமாகக் குடிக்கும் ஒமெப்ரசோல், சோஃபோஸ்புவிரோடு சேர்த்துக் கொடுக்கும் வெல்பட்டாஸ்விர் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இதயத் துடிப்புக்கான அமியோடரோனோடு சோஃபோஸ்புவிர் சேர்ந்தால் ஆபத்து. வலிப்புக்கான கார்பமசெபின் இருந்தால் மருந்து வேலை செய்யாமல் போகலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு கிருமி குறையக் குறைய சீனியும் இறங்கலாம், அடிக்கடி பார்க்க வேண்டும். லிவர்பூல் பல்கலைக்கழகம் இதற்கென்றே ஒரு இணையத்தளம் வைத்திருக்கிறது, இரண்டு மருந்தின் பெயரைக் கொடுத்தால் ஒன்றாகக் குடிக்கலாமா என்று காட்டும், ஆங்கிலம் வாசிக்கும் பாமசிக்காரருக்கும் அதைச் சொல்லுங்கள்.

மருந்து ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்தால் அதோடு திரும்பி வந்து சோர்ந்து இருக்க வேண்டாம். எப்போது வரும், வேறு எந்த வைத்தியசாலையில் இருக்கும், கடிதம் தர முடியுமா என்று கேளுங்கள். காசு உதவிக்கு ஜனாதிபதி நிதியம் பற்றி உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள், எந்த நோய்க்கு உதவி என்று அவர்களிடம் பட்டியல் உண்டு. வெளிநாட்டில் இருந்து யாராவது பையில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னாலும், பெட்டியின் பெயரையும் மருந்தின் பெயரையும் டொக்டருக்குக் காட்டாமல் ஒரு குளிசையும் வாயில் போடாதீர்கள்.

வீட்டு விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியம். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால், ஒரே பாயில் படுப்பதால், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதால் இது தொற்றாது, இரத்தத்தால் மட்டும்தான். சேவிங் பிளேட், பல் துலக்கும் பிரஷ், நகம் வெட்டி இவற்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும், சலூனில் புது பிளேட் போடச் சொல்லுங்கள். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 100இல் 5, 6 அளவுதான், முலைக்காம்பு வெடித்து இரத்தம் வராத வரை பால் கொடுக்கலாம். இந்த நோய் வந்த பெண்ணின் நடத்தையைப் பற்றிக் கதை கட்டுகிற ஊரில்தான் நாங்கள் இருக்கிறோம். அந்தக் கதைக்குப் பயந்து எத்தனை பேர் கிளினிக்குக்கே போவதில்லை என்பது மனதை வருத்துகிறது. பழைய ஊசி, பரிசோதிக்காத இரத்தம், கிருமி நீக்காத கருவி, இப்படி எந்த வழியிலும் வந்திருக்கலாம். கணவரிடமோ மாமியிடமோ சொல்லச் சிரமம் என்றால் கிளினிக்குக்கு ஒருநாள் கூட்டிப் போங்கள், டொக்டர் வாயால் வந்தால் அதன் பாரமே வேறு. மனம் தாங்காவிட்டால் மனநல உதவி இலக்கங்களான 1926க்கு, அல்லது 1333க்கு எடுங்கள், இரண்டிலும் பேசக் காசில்லை, உங்கள் பெயரும் தேவையில்லை.

குளிசை முடிந்து 12 வாரம் கழித்து மீண்டும் ஆர்என்ஏ பார்க்க வேண்டும், அதில் கிருமி இல்லை என்று வந்தால்தான் குணம். பலர் குளிசை முடிந்ததோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஐடென்டிட்டி கார்டைப் போலப் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் அன்டி எச்சிவி உங்கள் ஆயுளுக்கும் ரியாக்டிவ் என்றே காட்டும், அடுத்த மெடிக்கலிலும் சத்திரசிகிச்சையிலும் அதே கேள்வி வரும். சிரோசிஸ் வந்தவர்கள் கிருமி போன பிறகும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஈரலை ஸ்கேன் செய்ய வேண்டும். அடுத்த திகதியைக் கொப்பியில் போட்டுத் தராமல் விட்டால், போட்டுத் தரும்வரை கிளினிக்கை விட்டு வெளியே வராதீர்கள்.